சேலம் விமானம் நிரம்பித்தானே போகிறது, அப்புறம் ஏன் நிறுத்துகிறார்கள்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். சேலத்திலிருந்து சென்னைக்கு நீங்கள் போகும்போதெல்லாம் விமானத்தில் முக்கால்வாசிக்கு மேல் ஆள் இருக்கிறது. டிக்கெட்டும் நாலாயிரம் ரூபாய்க்குக் குறைவதில்லை. அப்படியும் இத்தனை வருடங்களாகச் சேவை தொடங்குவதும் நிற்பதுமாகவே இருக்கிறது. இதில் யாருக்கு நஷ்டம், பெரிய விமானம் விட்டால் விலை குறையாதா, இதை நம்பி வியாபாரத்தைத் திட்டமிடலாமா என்று கேட்கிறீர்கள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஆள் நிரம்பிய விமானம் எப்படி நஷ்டத்தில் ஓடும்? விமான நிறுவனத்தில் வழித்தடத் திட்டமிடல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். எந்த ஊருக்கு எந்த விமானம், எத்தனை மணிக்கு என்று அட்டவணை போடுவதுதான் அந்த வேலை. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஒரு எல்லையைச் சொல்லிவிட வேண்டும். விமான நிறுவனங்கள் மொத்த லாப நஷ்டத்தைத்தான் வெளியிடும். சேலம் தடத்தில் எவ்வளவு, தூத்துக்குடி தடத்தில் எவ்வளவு என்று எந்த நிறுவனமும் வெளியே சொல்வதில்லை. ஆகவே கீழே நான் போடும் கணக்கு எந்த நிறுவனத்தின் புத்தகத்திலிருந்தும் எடுத்ததல்ல. தொழிலில் வழக்கமாக வரும் அளவுகளை உருண்டை எண்களாக்கியிருக்கிறேன். எண்கள் பத்து இருபது சதவீதம் முன்பின் போகலாம், ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

சேலத்துக்கு வருவது ஏ.டி.ஆர் 72 என்ற டர்போபிராப் விமானம். இறக்கையில் இரண்டு பெரிய விசிறிகள் சுற்றுமே, அதுதான். இருக்கை அமைப்பைப் பொறுத்து 70 முதல் 78 பேர் உட்காரலாம். சென்னையில் நகரத் தொடங்கியதிலிருந்து சேலத்தில் நிற்கும்வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். இந்த ஒரு நடைக்கு எரிபொருள் எண்பத்தைந்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விமானம் பெரும்பாலும் குத்தகை விமானம்தான், வாடகை டாலரில். அதை மாதம் பறக்கும் மணி நேரத்தால் வகுத்தால் இந்த நடைக்கு அறுபதாயிரம் வரும். எஞ்சின், சக்கரம், பிரேக் எல்லாவற்றுக்கும் பராமரிப்புக்கு என்று ஒதுக்க வேண்டியது அறுபத்தைந்தாயிரம். இரண்டு விமானிகள், இரண்டு பணிப்பெண்கள், அவர்கள் பயிற்சி, தங்கல் எல்லாம் சேர்த்து முப்பத்தைந்தாயிரம். தரைப்பணி, வான்வழிக் கட்டணம் இருபத்தைந்தாயிரம். காப்பீடு, முன்பதிவு, தலைமை அலுவலகம் முப்பதாயிரம். கூட்டினால் மூன்று லட்சம்.

இப்போது வரவு. நீங்கள் கொடுக்கும் நாலாயிரத்தில் 5 சதவீதம் ஜி.எஸ்.டி, விமான நிலையப் பயனாளர் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம் போன்றவை நிறுவனத்துக்கு வருவதில்லை, அதன் கை வழியாகப் போகின்றன. மிச்சம் மூவாயிரத்து முந்நூறு என்று எடுத்துக்கொள்ளலாம். 60 பேர் இருந்தால் ஏறக்குறைய இரண்டு லட்சம். 78 சீட்டும் நிரம்பினாலும் இரண்டரை லட்சத்தைச் சற்றே தாண்டும். ஆக, ஒரு சீட்கூடக் காலியில்லாமல் போனாலும் நாலாயிரம் ரூபாய் டிக்கெட்டில் மூன்று லட்சம் தேறாது. 60 பேரோடு போகும் விமானம் தன் முழுச் செலவையும் எடுக்க வேண்டுமானால் ஆளுக்கு ஐயாயிரம் நிறுவனத்தின் கையில் நிற்க வேண்டும். டிக்கெட்டாகப் பார்த்தால் ஆறாயிரம். கடைசி நேரத்தில் சிலர் அந்த விலையும் கொடுக்கிறார்கள், ஆனால் எல்லோரும் கொடுப்பதில்லை.

அப்படியானால் எதற்காக ஓட்டுகிறார்கள்? விஷயம் இங்கேதான் இருக்கிறது. மேலே சொன்ன மூன்று லட்சத்தில் வாடகையும், காப்பீடு, முன்பதிவு, தலைமை அலுவலகச் செலவும் விமானம் பறந்தாலும் நின்றாலும் போகும். நாமக்கல் லாரி உரிமையாளருக்கு இது உடனே புரியும்: வண்டி ஷெட்டில் நின்றால் தவணை நின்றுவிடுவதில்லை. அந்தத் தொண்ணூறாயிரத்தைக் கழித்தால், இந்த நடையை ஓட்டுவதால் மட்டும் ஏற்படும் செலவு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். முழுதாக நிரம்பிய விமானம் அதைத் தாண்டி நாற்பத்தைந்து, ஐம்பதாயிரம் கொண்டுவருகிறது. நண்பகலில் அந்த விமானத்துக்கு வேறு வேலை இல்லையென்றால், சேலத்துக்கு ஓட்டுவது சும்மா நிறுத்தி வைப்பதைவிட மேல். வேறொரு ஊருக்குப் போய் அதே நேரத்தில் ஒரு லட்சம் கொண்டுவர முடியும் என்றால் சேலத்துக்கு ஓட்டுவது வீண். எங்கள் அலுவலகத்தில் ஒரு தடத்தை எடுப்பதா வைப்பதா என்று நடக்கும் பேச்சில் முதல் கேள்வி அந்தத் தடம் லாபமா என்பதாக இருந்ததே இல்லை. இந்த விமானத்தின் இந்த இரண்டு மணி நேரத்தை வேறு எங்கே செலவிடலாம் என்பதுதான் முதல் கேள்வி. சேலத்துக்கு வரும் விமானத்தின் எதிர்காலம் சேலத்தில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. ஹைதராபாத்தில் ஒரு விமானம் பழுதாகி நின்றாலும், வடகிழக்கில் புதிதாக ஒரு தடம் திறந்தாலும் அதன் பாதிப்பு இங்கே வந்து சேரும்.

இதே கணக்கை 60 பேரோடு போட்டுப் பாருங்கள். வரவு இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் கீழே, ஓட்டும் செலவு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். உங்கள் கண்ணுக்கு முக்கால்வாசி நிரம்பியதாகத் தெரியும் விமானம் உண்மையில் கத்தி விளிம்பில் நிற்கிறது. பத்துப் பதினைந்து பேர் வித்தியாசத்தில் முடிவு மாறிவிடும்.

இப்போது தூத்துக்குடியைப் பாருங்கள். அதே ஏ.டி.ஆர், அதே சென்னை. ஓடுதளம் நீண்டகாலம் வெறும் 1,350 மீட்டர், சேலத்தின் 1,806 மீட்டரைவிடச் சின்னது. ஆனாலும் அங்கே ஒரு நாளைக்குப் பல நடைகள் வருடக்கணக்காக ஓடுகின்றன. இப்போது ஓடுதளம் 3,000 மீட்டராகி, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தாகிவிட்டது. வித்தியாசம் தூரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சாலையில் 600 கிலோமீட்டர். ரயில் என்றால் ஒரு இரவு போய்விடும். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். நடைச் செலவு சேலத்தைப் போல இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏனென்றால் ஏறி இறங்குவது ஒரு முறைதான். தரைப்பணி, சக்கரத் தேய்மானம் போன்றவை தூரத்தோடு கூடுவதில்லை. ஆனால் பயணி ஒரு இரவை மிச்சம் பிடிக்கிறார், அதற்கு ஆறாயிரம் கொடுக்கத் தயங்குவதில்லை.

சேலம் பயணி மிச்சம் பிடிப்பது என்ன? வீட்டிலிருந்து விமான நிலையம் உள்ள காமலாபுரம் போக அரை மணி, முக்கால் மணி. ஒரு மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். பறப்பு ஒரு மணி. மீனம்பாக்கத்தில் இறங்கி வெளியே வந்து நகருக்குள் போக இன்னொரு மணி. மொத்தம் மூன்றரை, நாலு மணி நேரம். 2023 ஏப்ரல் 8 அன்று தொடங்கிய கோவை–சென்னை வந்தே பாரத் சேலத்தில் நின்று, அங்கிருந்து சுமார் மூன்றரை அல்லது நாலு மணி நேரத்தில் சென்ட்ரலில் கொண்டுபோய் விடுகிறது, டிக்கெட் ஆயிரம் ரூபாயை ஒட்டி. முந்நூறு கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரத்தில் நல்ல ரயில் வந்துவிட்டால் விமானம் மூச்சுத் திணறும். சேலம்–சென்னை விமானத்துக்குப் பெரிய போட்டி இன்னொரு விமான நிறுவனம் அல்ல, அந்த ரயில்தான் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் நேரம். வியாபாரத்துக்குப் போகிறவருக்குக் காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும். ஆனால் காலையும் மாலையும்தான் பெரிய ஊர்களுக்கு நல்ல விலை கிடைக்கும் நேரம், அப்போது விமானத்தை அங்கே போட்டுவிடுவார்கள். சிறிய ஊருக்குப் பெரும்பாலும் நடுப்பகல்தான் கிடைக்கும். நடுப்பகல் விமானத்தில் போனால் அன்றே வேலை முடித்துத் திரும்ப முடியாது, ஒரு இரவு விடுதிச் செலவு சேரும். அதனால் அதிக விலை கொடுக்கக்கூடிய ஆள் ரயிலுக்குப் போகிறார். விமானத்தில் மிஞ்சுபவர்கள் விலை பார்த்து வாங்குபவர்கள். வரவு குறைகிறது, வரவு குறைவதால் நல்ல நேரம் கிடைப்பதில்லை. இந்தச் சுழலில் சிக்கிய சிறிய ஊர்கள் பல.

அதற்காகச் சேலத்துக்கு விமானமே கூடாது என்று சொல்லவில்லை. என் கணிப்பில் சேலத்துக்கு உண்மையாகப் பொருள் உள்ள தடங்கள் ஹைதராபாத், கொச்சி, மற்றும் இணைப்பு விமானத்துக்காக மட்டும் பெங்களூரு. சேலத்திலிருந்து மும்பைக்கோ டில்லிக்கோ போகிறவர் இன்று கோவைக்கோ பெங்களூருக்கோ காரில் போய் ஏறுகிறார். அவரைக் காமலாபுரத்திலேயே ஏற்றி ஹைதராபாத் வழியாக அனுப்ப முடிந்தால், அந்த எட்டாயிரம் ரூபாய் டிக்கெட் முழுவதும் ஒரே நிறுவனத்துக்கு வருகிறது. சேலம்–ஹைதராபாத் பகுதி தனியாகப் பார்த்தால் நஷ்டம்போலத் தெரியும், ஆனால் ஹைதராபாத்–டில்லி விமானத்தில் காலியாகப் போயிருக்கும் ஒரு சீட்டை அது நிரப்பியிருக்கிறது. இந்த வரவை இரண்டு தடங்களுக்கும் எப்படிப் பிரித்து எழுதுவது என்பதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு முறை உண்டு. தூரத்தை வைத்துப் பிரித்தால் சிறிய ஊர் எப்போதும் தோற்கும். அந்தப் பயணி இல்லாவிட்டால் எவ்வளவு வரவு போயிருக்கும் என்று பார்த்தால் சிறிய ஊர் ஜெயிக்கும். ஒரே தடம் ஒரு நிறுவனத்தின் கணக்கில் லாபமாகவும் இன்னொன்றின் கணக்கில் நஷ்டமாகவும் இருக்கலாம்.

சிறிய ஊர்களுக்கு மட்டுமே ஓடும் தனி நிறுவனங்கள் நம் பக்கத்தில் நிலைக்காததற்கு இதைத்தான் முக்கியக் காரணமாக நினைக்கிறேன். பாரமவுண்ட், ஏர் பெகாசஸ், ஏர் கோஸ்டா, கோவையின் ஏர் கார்னிவல், ட்ரூஜெட், எல்லாம் தென்னிந்தியாவில் பிறந்தவை, எல்லாம் மூடப்பட்டவை. ஒவ்வொன்றின் முடிவுக்கும் விமானத்தைக் குத்தகைக்கு விட்டவரோடு தகராறு, பணத் தட்டுப்பாடு என்று தனித்தனிக் கதை உண்டு. ஆனால் சேலம் பயணியை டில்லிவரை தன் விமானத்திலேயே கொண்டுபோகும் வசதி எதற்கும் பெரிதாக இல்லை. குறுந்தூரத்தின் நஷ்டம் முழுதும் இவர்கள் தலையில், நெடுந்தூரத்தின் வரவு பெரிய நிறுவனத்துக்கு. அமெரிக்காவில் இதற்கு வேறு ஏற்பாடு. அங்கே வட்டார விமான நிறுவனங்கள் பெரும்பாலும் டிக்கெட் விற்பதே இல்லை. பெரிய நிறுவனத்தின் பெயரில், அதன் வண்ணத்தில் ஓட்டி, பறந்த மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொள்கின்றன. ஆள் ஏறுகிறதா என்ற கவலை பெரிய நிறுவனத்துடையது.

சிறிய ஊர்களுக்கு மானியம் கொடுத்து விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்துக்கு வருவோம், ஏனென்றால் சேலம் கதையில் அது பாதி. 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லா–டில்லி விமானத்தோடு தொடங்கியது. ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபாய் என்பது எல்லாச் சீட்டுக்கும் அல்ல, ஏறக்குறைய பாதிச் சீட்டுக்குத்தான். யார் குறைந்த மானியம் கேட்கிறார்களோ அவர்களுக்குத் தடம். மூன்று வருடம் அந்தத் தடத்தில் தனியுரிமையும் உண்டு. மானியத்தில் 20 சதவீதம் மாநில அரசு, மீதி பெரிய தடங்களில் ஓடும் விமானங்களிடம் வசூலித்த நிதியிலிருந்து. தொடக்கத்தில் அந்த வசூல் ஒரு விமானப் புறப்பாட்டுக்கு 7,500 முதல் 8,500 ரூபாய் வரை இருந்தது. அதாவது சென்னை–டில்லி பயணிதான் சேலம் பயணிக்குக் கொஞ்சம் காசு போடுகிறார்.

இந்தத் திட்டத்தின் கீழ் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சென்னை–சேலம் ஓட்டத் தொடங்கியது. 2021இல் நின்றது. மூன்று வருட மானியக் காலம் முடிந்ததும் அதே வருடம்தான். ஆகவே மானியம் போனதால்தான் நின்றது என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். தேதிகள் பொருந்துகின்றன என்பது உறுதி. ஆனால் அது கோவிட் காலம், அந்த நிறுவனமும் பணத்துக்குத் திணறிக்கொண்டிருந்தது, 2022 பிப்ரவரியில் முழுதாகவே நின்றுவிட்டது. மூன்று காரணங்களில் எது எவ்வளவு என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ இரண்டும் சேலத்துக்கு வந்தன. அதில் இண்டிகோ பெரிய வலைப்பின்னல் உள்ள நிறுவனம், மேலே சொன்ன இணைப்புப் பயணியை முழுதாகப் பிடிக்கக்கூடியது. ட்ரூஜெட் முயற்சிக்கும் இதற்கும் அதுதான் பெரிய வேறுபாடு.

நாடு முழுவதும் நிலைமை என்ன என்பதற்கு ஊகம் தேவையில்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கை இருக்கிறது. உடானின் மூன்றாம் ஏலச் சுற்றுவரை கொடுக்கப்பட்ட 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்று வருடச் சலுகைக் காலத்தை முடித்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. இதைக் காட்டித் திட்டமே வீண் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பீகாரின் தர்பங்காவில் 2020 நவம்பரில் சேவை தொடங்கியதும் கூட்டம் அலைமோதியது. டில்லி, மும்பை, பெங்களூரு என்று ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வேலை பார்க்கும் மக்கள் அந்த ஊரைச் சுற்றி இருக்கிறார்கள், அங்கிருந்து ரயிலில் ஒரு நாள் ஆகும். என் குறை மூன்று வருடம் என்ற கணக்கின் மேல்தான். எந்த ஊரும் மூன்று வருடத்தில் தானே நடக்கக் கற்றுக்கொள்ளும் என்று அது எண்ணுகிறது. தர்பங்காவுக்கு மூன்று வருடம்கூடத் தேவைப்படவில்லை. மலையிலும் தீவிலும் உள்ள ஊர்களுக்கு முப்பது வருடம் ஆனாலும் போதாது. அமெரிக்காவில் 1978இல் விமானத் துறைக் கட்டுப்பாடுகளை நீக்கியபோது சிறிய ஊர்களுக்கென ஒரு மானியத் திட்டத்தைப் பத்து வருடத்துக்கு என்று கொண்டுவந்தார்கள். அது இன்னும் ஓடுகிறது. சாலையும் ரயிலும் இல்லாத ஊருக்கு விமானம் பேருந்தைப் போல ஒரு பொதுச் சேவை, அதற்குக் காலக்கெடு வைக்கக் கூடாது. சேலம் அந்த வகை ஊர் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வரி பற்றி ஒரு திருத்தம். தமிழ்நாட்டில் விமான எரிபொருள் மீதான வாட் 29 சதவீதம், அதனால்தான் சிறிய ஊர்களுக்கு விமானம் வரவில்லை என்று அடிக்கடி எழுதுகிறார்கள். பெரிய ஜெட் விமானங்களுக்கு அந்தப் புகார் சரி. ஆனால் 40 டன்னுக்குக் குறைந்த எடையுள்ள விமானத்துக்கு விற்கும் எரிபொருளுக்கு மத்திய விற்பனை வரிச் சட்டத்தில் தனி இடம் உண்டு, வரி 5 சதவீத அளவில் நின்றுவிடும். ஏ.டி.ஆர் 72 வெறும் 23 டன். உடான் நிலையங்களில் வரி இன்னும் குறைவு, 1 சதவீதம். அதுபோல, 80 சீட்டுக்குக் குறைந்த உள்நாட்டு விமானங்களுக்கு இறங்கு கட்டணமும் கிடையாது. ஆகவே அரசு எடுப்பது அதிகம் என்ற வாதம் சேலத்துக்குப் பொருந்தாது. இத்தனை சலுகைக்குப் பிறகும் மூன்று லட்சம் ஆகிறது என்பதுதான் நிலைமை.

பெரிய விமானம் விட்டால் சீட்டுக்கான செலவு குறையும், உண்மைதான். 180 பேர் ஏறும் ஜெட்டுக்கும் விமானிகள் இரண்டு பேர்தான். ஆனால் சேலத்து ஓடுதளத்தில் அது முழுச் சுமையோடு இறங்கி ஏற முடியாது. முடிந்தாலும், முந்நூறு கிலோமீட்டருக்குள் தினமும் 180 பேரைத் தேடிப் பிடிக்க டிக்கெட்டை இரண்டாயிரத்துக்கு இறக்க வேண்டியிருக்கும், மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். மாறாக 19 சீட்டு விமானம் விடலாமே என்றால், அதற்கும் அதே இரண்டு விமானிகள், செலவைப் பங்கு போட ஆள் மட்டும் குறைவு. உடான் முதல் சுற்றின் 128 தடங்களில் 84 அத்தகைய சிறு விமானங்களை வைத்திருந்த இரண்டு நிறுவனங்களுக்குப் போயின. ஏர் ஒடிசா, ஏர் டெக்கான். இரண்டும் இன்று இல்லை.

ஓடுதளத்தை நீட்டினால் எல்லாம் சரியாகும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. காமலாபுரம் சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கர் விளைநிலம் கேட்கப்பட்டு, விவசாயிகள் 2018இல் கடுமையாக எதிர்த்தது உங்களுக்கே தெரியும். நிலம் போனால் திரும்பாது. அதற்கு முன்னால் யாராவது ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும்: இப்போதுள்ள ஓடுதளத்தில் ஏ.டி.ஆர் ஒரு நாளைக்கு எத்தனை நடை நிரம்பிப் போகிறது, நிரம்பியும் இடம் போதவில்லையா? நான் அறிந்தவரை அந்த நிலை இன்னும் வரவில்லை. நல்ல நேரத்தில் காலை ஒன்று, மாலை ஒன்று என்று இரண்டு நடை, அடுத்து மோசமான வானிலையிலும் இறங்க உதவும் கருவிகள், இவை இரண்டும் குறைந்த செலவில் அதிகப் பலன் தரும். கண்பார்வையை மட்டும் நம்பி இறங்கும் நிலையங்களில் 5 கிலோமீட்டர் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும். மழைக்காலத்தில் அது இல்லாமல் விமானம் திரும்பிப் போனால் அந்த மாதத்து லாபம் அதோடு போயிற்று. இரண்டு முறை அப்படி அலைந்த பயணி மறுபடி வருவதில்லை.

இதை நம்பித் திட்டமிடலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு: ஒரு பருவத்துக்குத் திட்டமிடலாம், ஐந்து வருடத்துக்கு வேண்டாம். விமான அட்டவணை வருடத்துக்கு இரண்டு முறை மாறும், மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். அந்தத் தேதிகளுக்குச் சில வாரம் முன்னால், மாற்றத்துக்குப் பிந்தைய நாட்களுக்கு டிக்கெட் விற்கிறார்களா என்று பாருங்கள். விற்பனை திறக்கவில்லை என்றால் எச்சரிக்கை. தினசரி சேவை வாரம் நாலு நாளாகச் சுருங்கினால் அது அதைவிடப் பெரிய எச்சரிக்கை. காலை நேரம் கிடைத்தால் நல்ல அறிகுறி. சேலத்து வணிகர் சங்கங்கள் புதிய விமானம் வேண்டும் என்று மனுக் கொடுப்பதைவிட, மாதம் இத்தனை சீட் இந்த விலைக்கு நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் திட்டமிடல் அறையில் அதற்கு மதிப்பு அதிகம். 60 பேருக்கும் 75 பேருக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பதினைந்து சீட்தான். சென்னைக்கு மட்டும் போக வேண்டிய நாட்களில், என்னைக் கேட்டால், காலை வந்தே பாரத்திலேயே போங்கள். மும்பை, டில்லி போகும்போது காமலாபுரத்திலிருந்து ஒரே டிக்கெட்டாக எடுங்கள். இணைப்பு தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றும் பொறுப்பு நிறுவனத்துடையதாகும், சேலம் தடத்தின் கணக்கிலும் உங்கள் முழுப் பயணம் தெரியும்.